மூன்றாம் நாள் பால்

பால்வண்டி எத்திராஜின் இடது தோளில் 1172 என்ற எண் தடித்து எழும்பியது 1996-ஆம் வருடம், பொங்கல் கழிந்த அடுத்த வியாழக்கிழமை, காலை ஏழேகாலுக்கு. சிவப்பாக, சுண்டுவிரல் கனத்துக்கு, கையெழுத்துப் பழகிய ஆள் எழுதியதுபோல் ஒழுங்காக இருந்தது. முக்கால் மணி நேரம் அரித்துவிட்டு அடங்கிப்போனது. அந்த வாரம்தான் கடலைப் பிண்ணாக்கு மூட்டைக்கு முப்பது ரூபாய் ஏறியிருந்தது. நாகலகுட்டையில் எல்லோரும் பிண்ணாக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தோளைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

நாகலகுட்டை, ராமகுப்பத்துக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில், தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்குகிற ஊர். காலனிக்காரர்கள் யாருக்கும் ஒருகாலத்தில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. பிறகு ஆளுக்கு ஒரு ஏக்கர் மேட்டுநிலம் வந்தது. அதில் கொள்ளுப் பயிரைத் தவிர எதுவும் விளையவில்லை என்றதும் கடனில் ஆளுக்கு ஒரு சீமைப்பசு வந்தது. பசுவோடு அதன் காதில் ஒரு பித்தளைத் தகடும் வந்தது. தகட்டில் எண் இருக்கும். மாடு செத்தால் இன்சூரன்ஸ்காரர் வந்து தகட்டைத்தான் கேட்பார், மாட்டைக் கேட்கமாட்டார். அதனால் மாட்டைவிடத் தகட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். எத்திராஜின் மனைவி தாட்சாயணிக்குக் கிடைத்தது 1190.

எத்திராஜ் அதற்கு முன்னால் ஆறு வருடம் பெங்களூரில் கான்கிரீட் சட்டி சுமந்தவன். பால் வியாபாரத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று சர்க்கார் கதவைத் திறந்துவிட்டதும், இந்தப் பக்கத்துக்கு ஒன்றுக்கு மூன்றாகக் கம்பெனிகள் வந்து இறங்கின. ஊருக்கு ஒரு பால் சென்டர், ராமகுப்பத்தில் ஒரு குளிர்நிலையம், அங்கிருந்து பாகாலா வழியாகத் திருப்பதிக்கு டேங்கர். சென்டரிலிருந்து குளிர்நிலையத்துக்குக் கேன் ஏற்றிப்போகும் வண்டி எத்திராஜுக்குக் கிடைத்தது. வழியில் பால் அலம்பி வெண்ணெய் திரளாமல் இருக்க ஒவ்வொரு கேனிலும் ஒரு கைப்பிடி வைக்கோல் போடுவார்கள். அதை எடுத்துப்போட்டுவிட்டு, பால் புளித்திருக்கிறதா என்று கேனுக்கு ஒரு மடக்கு வாயில் ஊற்றிப் பார்ப்பது வண்டிக்காரர்கள் வழக்கம். புளித்த கேன் வண்டிக்காரன் தலையில்தான் விடியும். எத்திராஜ் துப்பமாட்டான். பாலைத் துப்புவது அவனுக்கு ஆகாது.

தோளில் இருந்தது என்ன என்று கண்டுபிடித்தவள் தாட்சாயணிதான். சாயந்திரம் முதுகைத் தேய்த்துவிடும்போது அடங்கிய தடிப்பின் சுவடு விரலில் தட்டியது. 1172 சென்டர் செக்ரட்டரி கிருஷ்ணப்பாவின் பசு. அதற்கு மடிவீக்கம் வந்து, மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் பைக்கில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனதை முந்தின நாள் அவளே பார்த்திருந்தாள். ஊசி போட்ட மாட்டுப் பாலை மூன்று நாள் ஊற்றக்கூடாது என்று கம்பவுண்டர் எல்லா வீட்டிலும் சொல்லுவார். எல்லா வீட்டிலும் தலையாட்டுவார்கள். மறுவேளையே சென்டருக்குக் கொண்டுபோய் ஊற்றுவார்கள். அவள் கிருஷ்ணப்பாவிடம் போய்க் கேட்டாள். "ஒரு டேங்கர் பால்ல என் மூணு லிட்டரு இன்னா பண்ணிடப் போவுது தாட்சாணி? ஏரில உப்பு போட்டா கரிக்குமா?" என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை. ஊரில் அத்தனை பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஏரி மெல்லக் கரித்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் வாரம் இரண்டு மூன்று எண்கள் வந்தன. முதுகில் 1164, வயிற்றில் 1181, ஒருமுறை நெற்றியில் 1177. நெற்றியில் வந்த அன்று அவன் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினான். பாலில் தண்ணீர் கலந்தாலும் எண் மங்கவில்லை. ரங்கன் என்பவன் மகா புத்திசாலி. தன் மாட்டின் காதுத் தகட்டைக் கழற்றி எருக்குழியில் புதைத்தான். மறுநாள் எத்திராஜின் மார்பில் எண்ணுக்குப் பதில் ரங்கன் என்றே எழும்பியது, இனிஷியலோடு, தெலுங்கில். ரங்கன் குழியைத் தோண்டித் தகட்டை எடுத்து மறுபடியும் மாட்டுக்கே மாட்டினான்.

1999-இல் கம்பெனியின் பால்பவுடரை வெளிநாட்டுக்காரர்கள் மருந்து இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மருந்தைக் கண்டுபிடிக்கும் மிஷின் வாங்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, குளிர்நிலைய சூப்பர்வைசர் புருஷோத்தமன் எத்திராஜை அழைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னார். "நீ இருந்தா சாலும்யா எத்திராஜூ, மிஷின் எந்துக்கு?" என்றார். அன்றிலிருந்து அவனுக்கு வண்டி ஓட்டும் வேலை இல்லை. குளிர்நிலைய வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மாதச் சம்பளம், வருடத்துக்கு இரண்டு லுங்கி. காலையும் மாலையும் ஒவ்வொரு வண்டிப் பாலிலும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வெற்றுடம்போடு உட்கார்ந்திருக்க வேண்டும். எண் எழும்ப இருபது நிமிடம் ஆகும். புருஷோத்தமன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனைச் சுற்றிவந்து நோட்டில் எழுதிக்கொள்வார். எண் வந்த வீட்டுக்குப் பத்து நாள் கார்டு நிறுத்தம், சென்டரில் பால் ஊற்ற முடியாது. டேங்கர் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது. எட்டு மணிக்குத் திருப்பதிக்குக் கிளம்பிவிடும். எண் எழும்ப எட்டேகால் ஆகும். இதை யாரும் தப்பென்று நினைக்கவில்லை. எண் எழும்பியது மாட்டுக்காரரைப் பிடிப்பதற்கு. பாலைப் பிடிப்பதற்கு என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. திருச்சானூர் லாட்ஜுகளிலும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைகளிலும் 1164-ஐயும் 1181-ஐயும் ஜனங்கள் சர்க்கரை போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எத்திராஜுக்கு அந்த நாற்காலி பிடித்துப்போனது. அதுதான் தாட்சாயணியின் வயிற்றெரிச்சல். தங்கள் வாசலில் அவன் அப்பனைச் செருப்போடு நடக்கவிடாதவர்கள் இப்போது அவன் வெறும் முதுகை எட்டிநின்று பயத்தோடு பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காக அவன் எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் குடிப்பான். ஊரில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயடியில் அவள் குடம் கடைசிக்குத் தள்ளப்பட்டது. புருஷன் உடம்பை விற்றுத் தின்கிறவள் என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். அவள் சாயந்திரம் வேப்பிலையை அரைத்து நீரில் கரைத்து, எண் இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவித் தடவிச் சமமாக்குவாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். அந்த அரை மணி நேரம் அவர்களுக்கு நல்ல நேரம்தான்.

2001-இல் ஒருநாள் உதடு வீங்கிப்போய்க் குப்பம் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் சிவசங்கரி அவன் உடம்பைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அந்த ஊசிமருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, இவருக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது என்றார். "வெளிய எழும்புற வரைக்கும் பயம் இல்லம்மா. என்னிக்காவது தொண்டைக்குள்ள எழும்பினா மூச்சு போயிடும். இந்த வேலையை விடச் சொல்லுங்க."

பஸ்ஸில் வரும்போது தாட்சாயணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மறுபடியும் வண்டியே ஓட்டு மாமா. இல்லாங்காட்டி பெங்களூருக்கே போய்டலாம். சட்டி தூக்கிக்கினாலும் மூச்சு இருக்கும்."

"பெங்களூர்ல என் பேரு யாருக்குத் தெரியும்? இங்க நான் உக்காந்துக்கினு இருக்கறத பாத்தா பெரிய வூட்டுக்காரனே எந்திரிச்சி நிக்கறான்" என்றான் எத்திராஜ்.

அவன் எழுந்துவரமாட்டான் என்று தெரிந்துபோனது. அப்படியானால் எண் வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. அவள் அதுவரை பேசாத வீட்டு வாசலெல்லாம் ஏறினாள். மணியம்மா வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். நாய்க்கு அவளைத் தெரியும் என்பதால் வாலை ஆட்டியது. கறப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, மடியைப் பர்மாங்கனேட் தண்ணீரில் துடை, முதல் நாலு பீச்சைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பாலில் திரிதிரியாகக் கட்டி இருக்கிறதா பார், கேனை வெயிலில் கவிழ்த்துக் காயவை என்று ஒவ்வொரு வீட்டுக் கொட்டகையிலும் உட்கார்ந்து செய்து காட்டினாள். மடிவீக்கமே வராமல் போனால் ஊசியே வேண்டாமே. அப்படியும் ஊசி போட்டால் மூன்று நாள் ஊற்றாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "கம்பெனிக்கோசரம் சொல்லலக்கா. அந்தாளு மூச்சுக்கோசரம் சொல்றேன்" என்றாள். கம்பெனி பத்து நாள் கார்டை நிறுத்தி அதுவரை சாதிக்காததை இந்த ஒரு வார்த்தை சாதித்தது. பெண்கள் மனம் இளகினார்கள். மணியம்மாவே மற்ற வீடுகளுக்கும், அதே குளிர்நிலையத்துக்குப் பால் அனுப்பும் பக்கத்து ஊர்களுக்கும் துணைக்கு வந்தாள்.

ஊற்றாத பாலை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பாலைத் தரையில் கொட்ட யாருக்கும் கை வராது. ஏரிக்கரைப் புற்றில் ஊற்றுவது என்று முடிவானது. பாம்புக்கு ஊசிமருந்து ஒத்துக்கொண்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை.

மூன்று நாளை எண்ணுவது எப்படி என்ற கேள்வி மட்டும் வரவில்லை. காலனியில் மூன்று நாளை எண்ணத் தெரியாத ஆள் உண்டா? திங்கட்கிழமை சாயந்திரம் ஒருவர் உயிர் போனாலும் திங்கள் ஒரு முழுநாள். செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. புதன்கிழமை காலையில் புதைத்த மேட்டில் பால் தெளித்துவிட்டு வந்தால் மூன்றாம் நாள் காரியம் முடிந்தது. ஊசிக்கும் அப்படியே எண்ணினார்கள். திங்கள் சாயந்திரம் ஊசி போட்டால் புதன் காலைப் பால் புற்றுக்கு, புதன் மாலைப் பால் சென்டருக்கு. தாட்சாயணிதான் விரலை மடக்கி வீடு வீடாக எண்ணிக் காட்டினாள். குளிர்நிலையச் சுவரில் எழுபத்திரண்டு மணி நேரம் என்று அச்சடித்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் முன்னால் காலிக் கேன்களை அடுக்கியிருந்தார்கள். புருஷோத்தமன் அதைப் படித்தவர்தான். அவருக்குச் சம்பளம் எண்களை எழுதுவதற்கு.

எண்கள் மங்கத் தொடங்கின. முதலில் சிவப்பு போய் இளஞ்சிவப்பானது. பிறகு 1 எது 7 எது என்று தெரியவில்லை. 2003 ஆடி மாதத்தில் புருஷோத்தமன் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தும் ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆவணியில் எத்திராஜின் உடம்பு முப்பது நாளும் வழவழவென்று இருந்தது. தாட்சாயணிக்குக் குழாயடியில் முதல் குடம் வைக்க இடம் விட்டார்கள். "தொண்ட மட்டும் கரகரன்னுது" என்று அவன் இரண்டு மூன்று முறை சொன்னான். அவள் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

புரட்டாசியில் திருமலைக்குக் கூட்டம் ஏறும். கீழே திருப்பதியில் எவ்வளவு பால் போனாலும் பத்தாது. அந்த மாதம் பார்த்து, எட்டு வருடமாக ஊசியே காணாத 1190-க்கு மடி வீங்கியது. பசு வேலிமுள்ளில் மடியைக் கீறிக்கொண்டு வந்திருந்தது. திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குக் கம்பவுண்டர் ஊசி போட்டார். தாட்சாயணி திங்கள் இரவுப் பாலையும், செவ்வாய் இரண்டு வேளைப் பாலையும், புதன் காலைப் பாலையும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் புற்றில் ஊற்றினாள். கன்றுக்குட்டிக்குக்கூடக் காட்டவில்லை. புதன் மாலை மடியைத் துடைத்து, கறுப்புத் துணியில் பீச்சிப் பார்த்து, திரி இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு நாலரை லிட்டரைச் சென்டரில் ஊற்றினாள். கிருஷ்ணப்பா, "உன் கணக்கு தப்புமா தாட்சாணி" என்று சொல்லி மூடியைக் கழற்றினார்.

ஆறரைக்கு எத்திராஜ் டம்ளரைக் குடித்தான். ஏழு மணிக்குப் புருஷோத்தமன் அவனைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு நோட்டில் ஒன்றும் இல்லை என்று எழுதினார். எத்திராஜ் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். பால்வண்டியிலேயே போட்டுக் குப்பத்துக்குக் கொண்டுபோனார்கள். நாகலகுட்டை கூட்டு ரோட்டில் தாட்சாயணியையும் ஏற்றிக்கொண்டார்கள். அவள் மடியில் தலையை வைத்து, மூச்சு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். ஏழரைக்கு, ஆஸ்பத்திரி கேட்டுக்குள் வண்டி திரும்பும்போது, பார்ப்பதை நிறுத்தினான்.

டாக்டர் சிவசங்கரி வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தொண்டைக்குள், உள்சுவர் முழுக்க, வெளியே மங்கிப்போன எண்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக, சிவப்பாக, ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது.

"1190. இது யார் மாடும்மா?"

"எங்களுது" என்றாள் தாட்சாயணி. "ஆனா மூணு நாளு ஊத்தலயே டாக்டரம்மா. புத்துலதான ஊத்தினேன்."

"ஊசி எப்போ?"

"திங்கக்கெயம சாயந்திரம்."

"பால் எப்போ ஊத்தினீங்க?"

"மூணாம் நாளு. இன்னிக்கி சாயந்திரம்."

டாக்டர் ஒரு விரலை மடக்கினார். "திங்கள் சாயந்திரத்துல இருந்து செவ்வாய் சாயந்திரம். ஒண்ணு." இன்னொன்றை மடக்கினார். "புதன் சாயந்திரம். ரெண்டு." மூன்றாவது விரல் மடங்காமல் நின்றது. தாட்சாயணி அந்த விரலைப் பார்த்தாள். தான் ஏறிய வாசல்கள் ஒவ்வொன்றும், மடக்கிக் காட்டிய ஒவ்வொரு விரலும் அவளுக்கு நினைவு வந்தன. ஊர் முழுக்க அவள் சொன்னபடியே சுத்தமாகக் கேட்டிருந்தது.

எத்திராஜை வியாழக்கிழமை ஏரிக்கரை மேட்டில் புதைத்தார்கள். வெள்ளிக்கிழமை பால் தெளி என்று எத்திராஜின் அண்ணன்காரன் முனிரத்தினம் சொன்னான். அவள், "இன்னும் நாளு ஆவல" என்றாள். புதன் ஒன்று, வியாழன் இரண்டு, வெள்ளி மூன்று என்று முனிரத்தினம் எண்ணிக் காட்டினான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "புத்தி கலங்கிப்போச்சி பாவம்" என்று சொல்லிவிட்டு, சென்டரிலிருந்து ஒரு சொம்புப் பாலை வாங்கிக்கொண்டு ஆண்கள் போய்த் தெளித்தார்கள். அவள் போகவில்லை. தெளித்த இருபதாவது நிமிடம் மேட்டு மண் தடித்து, 1168 என்றும் 1183 என்றும் இரண்டு எண்கள் எழும்பின. துக்கத்துக்கு வந்திருந்த புருஷோத்தமன் சட்டைப்பையைத் தடவிப் பேனாவை எடுத்தார்.

சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, சரியாக எழுபத்திரண்டு மணி நேரம் கழித்து, தாட்சாயணி மட்டும் போனாள். 1190-இன் பாலைக் கறந்து எடுத்துக்கொண்டு போனாள். ஊசி போட்டு ஐந்து நாள் தாண்டியிருந்தது. மேட்டின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் போனது. அரை மணி போனது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மண் வழவழவென்று இருந்தது.

"ஒரே ஒரு நாளு மாமா" என்றாள். "ஒரு நாளு கம்மியா எண்ணிட்டேன்."

கம்பெனி அந்த மேட்டுக்கு ஒரு தகரக்கூரை போட்டுக் கொடுத்தது. காலையும் மாலையும் வண்டிக்கு ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள், எண் எழும்புகிறது, நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். மண்ணுக்குச் சம்பளமும் லுங்கியும் கிடையாது என்பதால் இது முன்னைவிட லாபம். நாகலகுட்டையில் இப்போது முதல் நாளை விட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். சாவுக்கும் அப்படியே, பால் தெளி அங்கே நாலாம் நாள். எல்லையோரத்து மற்ற ஊர்கள் இன்னும் பழைய கணக்கில்தான் இருக்கின்றன. அவர்கள் பாலும் இதே குளிர்நிலையத்துக்குத்தான் வருகிறது. அதனால் மேட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று எண்கள் தவறாமல் வருகின்றன. டேங்கர் எட்டு மணிக்கே கிளம்பிவிடுகிறது.

எண் வந்த நாட்களில் தாட்சாயணி சாயந்திரம் வேப்பிலையை அரைத்து நீரில் கரைத்து எடுத்துப்போய் மேட்டில் தெளிக்கிறாள். தடித்த இடத்தை உள்ளங்கையால் தடவித் தடவிச் சமமாக்குகிறாள். அதற்கு அரை மணி நேரம் ஆகும். அரிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.